இரண்டாவதில் விளக்கு எரியவில்லை

அறுபத்திரண்டு. அரைமணி நேரமாக அறுபத்திரண்டிலேயே நிற்கிறது. இருளப்பன் மஃப்ளரை இன்னொரு சுற்றுச் சுற்றிக் காதை அடைத்துக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட இங்க் டின்னின் மேல் உட்கார்ந்தபடி திரையில் நின்ற அந்த நம்பரையே முறைத்துக்கொண்டிருந்தார். முறைத்தால் நகராது என்று தெரியும். ஆனாலும் கண்ணை எடுத்தால் பின்னால் போய்விடுமோ என்று ஒரு நினைப்பு. உட்காருவதற்கு இந்த அறையில் ஒரு சக்கர நாற்காலி இருந்தது. நேற்று ஆயுத பூஜைக்கு முதலாளி வீட்டம்மா உட்காரவென்று தள்ளிக்கொண்டு போனவர்கள் திருப்பிக் கொண்டுவந்து போடவில்லை. கேட்டால் ஒவ்வொருத்தனும் நான் எடுக்கவில்லை என்பான். இந்த அச்சகத்தில் எதையும் யாரும் செய்வதில்லை, கெட்டுப்போனதை மட்டும் இருளப்பன் செய்திருப்பார். டின்னின் விளிம்பு தொடையில் வெட்டியது. ஏ.சி. தண்ணீர் வாளியில் சொட்டியது, ஒரு சொட்டு, ஒரு சொட்டு, பிறகு மறந்துபோனதுபோல நிறுத்தி, மறுபடி ஒரு சொட்டு. எதிரே இரும்புச் சட்டத்துக்குள் அந்தப் பெட்டி இரைந்துகொண்டிருந்தது. அதில் எட்டு டிஸ்க், பீரோவில் பைண்டு புத்தகம் அடுக்கியதுபோல நின்றவாக்கில் வரிசையாக. ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் நேற்று அவர் வைத்த சந்தனமும் குங்குமமும். மூன்றாவதில் மட்டும் பொட்டு இல்லை. அது இன்று காலையில் போட்ட புது டிஸ்க். பழையது விடியும்போதே சிவப்பு விளக்குப் போட்டுச் செத்துக் கிடந்தது, விஜயதசமியும் அதுவுமாக. அதை உருவி, புதியதைச் செருகி, கைப்பிடியை மடக்கி, டக் என்று கேட்ட பிறகுதான் அவர் மூச்சு விட்டார். அதிலிருந்து மற்ற ஏழும், செத்ததில் என்ன இருந்தது என்று தங்களுக்குள் கேட்டுக் கேட்டுப் புதியதில் எழுதிக்கொண்டிருக்கின்றன. நம்பர் நூறு ஆனால் வேலை முடிந்தது. நூறு ஆவதற்குள் ஏழில் இன்னொன்று செத்தால் எல்லாமே முடிந்தது. சப்பரம் தூக்குகிறவர்களில் ஒருத்தன் கால் இடறினால் மற்றவர்கள் தோள் கொடுத்துத் தாங்கிவிடுவார்கள், இரண்டு பேர் இடறினால் சாமி தெருவில். இது அவர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட விளக்கம். மதுரை இன்ஜினியர் இதைச் சொல்லிக்கொடுக்கக் கட்டம் கட்டமாகப் படம் போட்டு ஒரு மணி நேரம் பேசினான். இதற்கு ரெய்டு என்று பேர் சொன்னான். சிவகாசியில் அந்தப் பேரைக் கேட்டால் ஆபீசர்கள் ஜீப்பில் வந்து இறங்குவதுதான் ஞாபகத்துக்கு வரும், இது என்ன பேர் என்று அவர் கேட்டதற்கு அவன் சிரித்தான். சிரிப்பதற்கு மட்டும் எல்லாருக்கும் நேரம் இருக்கிறது. இன்று காலையிலிருந்து ஏழு தடவை போன் போட்டாகிவிட்டது, எடுக்கவில்லை. எட்டாவது தடவை அவன் பெண்டாட்டி எடுத்து, பிள்ளைக்கு எழுத்து ஆரம்பிக்கிற நாள், கோயிலில் இருக்கிறார் என்றாள். அரிசியைப் பரப்பி விரலைப் பிடித்து ஒரு ‘அ’ போட எவ்வளவு நேரம் ஆகும். அந்தப் பிள்ளை எம்.ஏ. முடித்துவிட்டா வெளியே வரும். பெட்டிக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவனுக்குத்தான் மெயில் போடும், அவருக்குச் சொல்லாது. அவருக்குத் தெரிந்த பாஷை விளக்குதான். பச்சை என்றால் நன்றாக இருக்கிறது, மஞ்சள் என்றால் நோய், சிவப்பு என்றால் சாவு.

அறுபத்து மூன்று. சரி, நகர்கிறது. நகல் எடுத்து வைக்க இன்னொரு பெட்டி உண்டு, அது ஆடி மாதமே நிறைந்துவிட்டது. நிறைந்துவிட்டது, புதிதாக ஒன்று வாங்க வேண்டும் என்று அவர் போய்ச் சொன்னார். முதலாளி மகன், அதெல்லாம் பழைய காலம், இனிமேல் எல்லாவற்றையும் இன்டர்நெட்டில் ஏற்றிவிடலாம் என்றான். ஏற்றவும் இல்லை, வாங்கவும் இல்லை. ஆடிப் பதினெட்டுக்கு மாதிரிக் காலண்டர் ஆல்பம் போட்டதிலிருந்து நேற்றுவரை பிடித்த ஆர்டர், ஆயிரத்து நானூறு கடைகளின் காலண்டர், பாத்திரக்கடை, நகைக்கடை, உரக்கடை, பார்ட்டி பார்த்துச் சரி சொன்ன டிசைன் அத்தனையும் இந்த எட்டு டிஸ்கில்தான் இருக்கிறது, வேறெங்கும் இல்லை. போனால் தை பிறக்கும்போது எந்தக் கடைச் சுவரிலும் இந்த அச்சகத்துக் காலண்டர் தொங்காது. அப்போதும் ஒரே ஒரு பேர்தான் அடிபடும். நாலாங்கிளாஸ்காரன் கையில் கொடுத்தால் இப்படித்தான். அந்த வார்த்தை. எட்டு வருஷமாக அந்த வார்த்தை அவர் காதுக்குள் ஏ.சி. தண்ணீர்போலச் சொட்டிக்கொண்டிருக்கிறது. நாலாங்கிளாஸ்காரன்தான், இல்லையென்று யார் சொன்னது. ஆனால் இந்த அச்சகத்துக்கு அவர் வந்தபோது கம்ப்யூட்டர் என்ற பேச்சே கிடையாது. பேப்பர் ரீம் தூக்கினார். ஃபிலிம் இருந்த காலத்தில் பிளேட் ரூமில் இருட்டுக்குள் நின்று பிளேட் கழுவினார், விரல் நுனியெல்லாம் வெந்துபோயிருந்தது. பிறகு ஃபிலிம் போயிற்று, பிளேட் ரூமை மூடினார்கள், கம்ப்யூட்டர் வந்தது, இந்தக் குளிருக்குள் உட்கார ஒரு ஆள் வேண்டும் என்று அவரைத் தள்ளினார்கள். தூசி துடைக்க என்று சொல்லி வந்தவர்தான் பெட்டியின் மூச்சைக் கேட்கப் பழகினார். எந்த டிஸ்க் இரைச்சல் மாறுகிறது, எது தொட்டால் அதிகம் சுடுகிறது, எல்லாம் கைக்குத் தெரியும். டிகிரி முடித்துவிட்டு வந்த இரண்டு பேர் ஒரு வருஷம்கூடத் தங்கவில்லை, ஒருத்தனுக்குச் சளி, இன்னொருத்தனுக்குச் சென்னை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் இருந்தது பழைய பெட்டி. ஆறு டிஸ்க். அதில் பச்சை மஞ்சள் கிடையாது, உயிரோடு இருந்தால் விளக்கு எரியும், செத்தால் அணைந்துபோகும், அவ்வளவுதான். அன்றைக்கும் பூஜை முடிந்த மறுநாள். பெட்டி கத்தியது. டிசைன் செக்‌ஷன் ஹெட் தனுஷ்கோடி இன்ஜினியரோடு போனில் பேசிக்கொண்டே, விளக்கு எரியாததை உருவச் சொல்றாங்க மச்சான் என்று கண்ணாடிக் கதவுக்கு வெளியிலிருந்து கத்தினான். மச்சான்தான். இருளப்பனின் பெண்டாட்டி சௌந்தரத்துக்குக் கூடப்பிறந்த தம்பி. வேலை வெட்டி இல்லாமல் திருத்தங்கலில் சீட்டாடிக்கொண்டு திரிந்தவனை இந்த அச்சகத்துக்குக் கூட்டிவந்து, முதலாளி காலில் விழாத குறையாகச் சொல்லிச் சேர்த்துவிட்டது யார். அதெல்லாம் போகட்டும். விளக்கு எரியாததை உருவு என்றான், இவர் இடது பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு வந்தார், முதலாவது எரிகிறது, இரண்டாவதில் விளக்கு எரியவில்லை. எரியவில்லை. இந்தக் கண்ணால் பார்த்தார். உருவினார். அடுத்த நிமிஷம் ஹாலில் பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் ஐயோ என்றார்கள். உண்மையில் செத்துக் கிடந்தது ஆறாவது என்று பிறகு சொன்னார்கள். முதலாளி வந்தார், நாற்பது பேர் நிற்க அந்த வார்த்தையைச் சொன்னார். தனுஷ்கோடி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எனக்கு முன்னால் போனில் என்ன சொன்னாய் என்று இருளப்பன் கேட்டதற்கு, மெதுவாக, ரொம்ப அக்கறையாக, ரெண்டாவது நல்லாத்தான இருந்துச்சு மச்சான் என்றான். மதுரைக்கு அனுப்பி சோதித்துப் பார்த்தார்கள், இரண்டாவது நன்றாக இருக்கிறது என்றே எழுதி வந்தது. அப்படியென்றால் என்ன அர்த்தம். ஒன்று, இவர் போன பிறகு அவன் டிஸ்கை மாற்றி வைத்திருக்கிறான். இல்லை, வயரை எதையோ ஆட்டி விளக்கை அணைத்திருக்கிறான். தன் தலை தப்ப. எப்படிச் செய்தான் என்பது இவருக்கு இன்றுவரை பிடிபடவில்லை, ஆனால் செய்தது அவன்தான். ஆறு மாதம் இவரைத் திரும்ப கோடவுனுக்கு அனுப்பினார்கள், ஐம்பத்தொரு வயதில் ரீம் தூக்கவைத்தார்கள். இடுப்பு அன்றைக்குப் பிடித்தது. பிறகு அந்தச் சளிக்காரனும் சென்னைக்காரனும் போய், வேறு ஆள் கிடைக்காமல், வந்து உட்காரப்பா என்றார்கள். வந்தார். தனுஷ்கோடியோடு பேச்சில்லை. அவன் மகள் வைதேகி சடங்குக்கு இவர் போகவில்லை, மாமன் போகாத சடங்கு. சௌந்தரம் மட்டும் தட்டோடு போய்வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. சாப்பிடாவிட்டால் போகட்டும், விளக்கு எரியவில்லை என்று இவர் சொன்னதை அவளாவது நம்பினாளா. எரிஞ்சிருக்குமோ என்னமோ, நீங்க சரியாப் பாத்தீங்களா என்றாள். பாத்தீங்களா. நாற்பது பேருக்கு முன்னால் அந்த வார்த்தையைக் கேட்டதைவிட அவள் இதைக் கேட்டதுதான் உறுத்தியது.

கண்ணாடிக் கதவு திறந்தது. ஜெபா, டிசைன் செக்‌ஷனில் புதிதாக வந்த பெண், கையில் நேற்றைய பொரிகடலைப் பொட்டலம். குளிர் தாங்காமல் பாதி உடம்பை வெளியே வைத்துக்கொண்டு, “பெரியப்பா, ஃபைல் திறக்க ரொம்ப லேட்டாவுது. எப்ப முடியும்னு சார் கேக்காங்க” என்றாள். சார் என்றால் தனுஷ்கோடி. பத்தடி தூரத்தில் இருக்கிறான், பிள்ளைகளைத் தூது அனுப்புவான். வாய் இருந்தா வந்து கேக்கச் சொல்லு என்றார் இருளப்பன். அவள் பொரியை வாயில் போட்டுக்கொண்டே, “வாய் இருக்காம். உங்களுக்குத்தான் காது இல்லையாம்” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திவிட்டாள். எல்லாருக்கும் இது ஒரு விளையாட்டு. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. காலையில் ஹால் வழியாக வரும்போது அவள் திரையில்தான் அதைப் பார்த்தார். கல்யாணப் பத்திரிகை. வைதேகிக்குக் கார்த்திகையில் முகூர்த்தம். பிள்ளையார், பேர்கள், மண்டபம், அதற்குக் கீழே உறவுகளின் வரிசையில் அத்தை மாமா என்று போட்டு இருளப்பன் – சௌந்தரம். தமிழ் படிக்க நாலாங்கிளாஸ் போதும். யாரைக் கேட்டுப் போட்டான். பத்திரிகையோடு வீட்டு வாசலுக்கு வரவில்லை, வருகிறேன் என்று சொல்லி அனுப்பவில்லை, பேரை மட்டும் அச்சடிப்பானாம். ஊருக்குத் தன்னை நல்லவனாகக் காட்ட. சௌந்தரம் பத்து நாளாக அதிகம் பேசாமல் இருப்பது இதற்குத்தானோ. போன வாரம் சாதம் போட்டுக்கொண்டே, இந்தத் தடவ நீங்க வரலேன்னா நான் போயிட்டுத் திரும்பி வர மாட்டேன் என்று, குழம்பு வேணுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள். அறுபத்தாறு. இந்தப் பத்திரிகையும் இந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. எட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போட்டிருக்கும். இவர் பேரில் இ ஒரு டிஸ்கில், ரு இன்னொன்றில். மூன்றாவதில் இருந்த எழுத்து காலையில் செத்துப்போய் இப்போது மற்றவை கூடி அதை எழுதிக்கொண்டிருக்கின்றன. எழுதட்டும். எழுதாமல் போனால்தான் என்ன.

எழுபது ஆயிற்று. மூன்றாவதில் பொட்டில்லாமல் இருப்பது கண்ணை உறுத்தியது. புதிதாக வந்ததற்கு முதல் நாளே பொட்டு வைக்காமல் விட்டால் எப்படி. வருஷா வருஷம் எந்திரத்துக்கெல்லாம் மற்றவர்கள் வைப்பார்கள், இந்த அறைக்குள் மட்டும் யாரும் வர மாட்டார்கள், இவர் தன் கையால்தான் வைப்பார். வரும்போது பொட்டு, போகும்போது துடைப்பு. செத்த டிஸ்கைப் பொட்டோடு வெளியே அனுப்பக்கூடாது என்பது இவருடைய வழக்கம், யாரும் சொல்லித் தந்ததில்லை. காலையில் செத்ததையும் துடைத்துத்தான் அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறார். மூலையில் நேற்றைய கிண்ணத்தில் சந்தனம் காய்ந்து கிடந்தது. பாட்டில் தண்ணீர் இரண்டு சொட்டு விட்டுக் குழைத்துக்கொண்டு, முட்டியைப் பிடித்தபடி பெட்டிக்கு முன்னால் குந்தினார். முட்டி சொடுக்கியது. கட்டைவிரலால் மூன்றாவதின் கைப்பிடி நடுவில் வைத்தார், அளவாக, விளக்கைத் தொடாமல். விளக்கு கீழே மூலையில் கடுகளவு இருக்கும். பச்சை, துடித்துத் துடித்து எரிந்தது. பிறகு வரிசையைப் பார்த்தார். நேற்று சந்தனம் தண்ணியாகப் போய்விட்டது. ஏழாவதில் வழிந்து இறங்கி மூலைவரை போய்க் காய்ந்திருந்தது. விளக்கின் மேலேயே காய்ந்து, காய்ந்ததில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு விட்டு, அந்த வெடிப்புக்குள் மஞ்சள் தெரிந்தது. சந்தனம் மஞ்சளாகத்தான் இருக்கும். அவர் கண்ணைத் திருப்பிவிட்டார். திருப்பிய கண்ணின் ஓரத்தில் அது அணைந்தது. மறுபடி வந்தது. சந்தனம் அணைந்து அணைந்து எரியாது. விரல் நகத்தை வைத்துச் சுரண்டினார். ஒரு பொருக்கு பெயர்ந்து விழுந்தது. மஞ்சள் விளக்கு, நிதானமாக, ஒரு மூச்சு எரிந்து ஒரு மூச்சு அணைந்து. நோய். நான் போகப்போகிறேன் என்று ஏழாவது சொல்லிக்கொண்டிருந்தது, நேற்றிலிருந்தோ என்னமோ, இவர் வைத்த பொட்டுக்கு உள்ளேயிருந்து.

முதலில் வந்தது கோபம்தான். சந்தனத்தை இவ்வளவு தண்ணியாகக் கரைத்தவன் யார் என்று. கரைத்தது அவரேதான். பிறகு திரையைப் பார்த்தார். எழுபத்தொன்று. இன்னும் இருபத்தொன்பது. வெளியே பன்னிரண்டு பிள்ளைகள் பெரிய பெரிய ஃபைலாகத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறார்கள், ஒவ்வொரு தடவைக்கும் ஏழாவதும் எழுந்து ஓட வேண்டும். நோயாளியைச் சப்பரத்துக்கு அடியில் விட்டு மேலே இன்னும் ஆளை ஏற்றுகிற கதை. எல்லாரையும் நிறுத்தச் சொல்ல வேண்டும். நிறுத்தினால் ஒருவேளை நூறு வரை தாங்கும். நிறுத்தச் சொல்லக்கூடிய ஆள் தனுஷ்கோடி ஒருத்தன்தான். அவனிடம் இவர் போய். இல்லை, ஜெபாவைக் கூப்பிட்டுச் சொல்லி அனுப்பலாம். சந்தனம் மூடியிருந்தது என்று சொல்ல வேண்டாம், மஞ்சள் விளக்கு வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும். மூடியிருந்தது. மூடியிருந்தால் எரிவது தெரியாது. அந்த இடத்தில் ஏதோ தட்டியது, காலில் கல் தட்டுவதுபோல. அவர் அதைத் தாண்டிப் போகப் பார்த்தார். எத்தனை மணி ஆயிற்று, மத்தியானச் சாப்பாடு, சௌந்தரம் என்ன வைத்தாள், தூக்குவாளியில் புளிக்குழம்பு. மூடியிருந்தால் எரிவது தெரியாது. கட்டைவிரல் தானாகப் போய் இரண்டாவது டிஸ்கின் விளக்கின் மேல் உட்கார்ந்தது. இரண்டாவதில் விளக்கு எரியவில்லை. எடுத்தார், பச்சை. வைத்தார், எரியவில்லை. எடுத்தார். பழைய பெட்டியில் விளக்கு எங்கே இருந்தது. மூலையிலா. மூலையில் இல்லை. கைப்பிடியின் நடுவில் இருந்தது, நெற்றி மாதிரி. அதற்குக் கீழேதான் பொட்டு வைப்பார், எப்போதும் கீழேதான், அந்த வருஷமும் கீழேதான் வைத்திருப்பார். இருப்பார். வைத்தாரா. ஞாபகம் இல்லை, எட்டு வருஷத்துக்கு முன் எந்த இடத்தில் பொட்டு வைத்தேன் என்று எவனுக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் துடைத்தது ஞாபகம் இருந்தது. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அது வந்தது. இரண்டாவதை மதுரைக்கு அனுப்பக் கட்டும்போது, செத்தது என்று நினைத்து, வழக்கப்படி வேட்டி நுனியால் துடைத்தார். போகவில்லை, கெட்டியாக ஒட்டியிருந்தது. ஆத்திரத்தில் நகத்தால் நோண்டினார். நடுவில் ஒரு சின்னத் துளை இருந்தது, துளைக்குள் சந்தனம் அடைத்துக்கொண்டிருந்தது, குண்டூசி வாங்கி அதைக் குத்திக் குத்தி எடுத்தார், அனுப்புகிற பொருள் சுத்தமாக இருக்க வேண்டும் என்று. அந்தத் துளைதான் விளக்கு. எட்டு வருஷமாக அந்தக் குண்டூசி ஞாபகத்தில்தான் கிடந்தது, யாருக்கும் வேண்டாத ஒரு சாமான் மாதிரி. இரண்டு விளக்கும் எரியாததுபோலத் தெரிந்திருக்கிறது, ஆறாவது செத்து, இரண்டாவது பொட்டுக்குள். இவர் இடது பக்கத்திலிருந்து வந்தார். முதலில் கண்ணில் பட்டதை உருவினார். இவர் பார்த்தது பொய் இல்லை. தனுஷ்கோடி சொன்னதும் பொய் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றானே, அதுகூட, வேறு எப்படி நிற்பான், அவனுக்கும் ஒன்றும் விளங்கியிருக்காது.

நகம் இன்னும் ஏழாவதின் மேல் இருந்தது. பாதி சந்தனம் போயிற்று, பாதி இருக்கிறது. மீதியையும் சுரண்டி, வேட்டி நுனியை ஈரம் பண்ணி ஒரு இழுப்பு இழுத்தால் சுத்தம். இப்போதுதான் மஞ்சள் வந்தது என்று சொல்லலாம். யாருக்கும் தெரியாது. இன்ஜினியருக்குத் தெரியாது, கோயிலில் இருக்கிறான். சௌந்தரத்துக்குத் தெரியாது. எட்டு வருஷத்துக் கோபம் அப்படியே முழுசாக இவரிடம் இருக்கும், யாரும் கை வைக்க முடியாது. அது போய்விட்டால் இந்த இடுப்பு வலிக்கு யாரைத் திட்டுவது. தினமும் காலையில் ஹாலைக் கடக்கும்போது முகத்தை எந்தப் பக்கம் வைத்துக்கொள்வது. இதையெல்லாம் யோசித்துக்கொண்டே வேட்டி நுனியைப் பிடித்துவிட்டார். பிடித்த கையைப் பார்த்தார். அதே கை, அதே நுனி. ஒரு தடவை துடைத்தாயிற்றே என்று இருந்தது. துடைத்ததற்குத்தானே எட்டு வருஷம். எழுபத்திரண்டு என்று திரை சொன்னது. மஞ்சள் கொஞ்சம் வேகமாகத் துடிப்பதுபோல் தெரிந்தது, அவர் மார்பு துடித்ததால் அப்படித் தெரிந்ததோ என்னமோ. முட்டியில் கையை ஊன்றி எழுந்தார். நுனியை உதறிவிட்டார்.

ஹால் வெக்கையாக இருந்தது. மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து எதுவும் தெரியவில்லை, கழற்றித் துடைக்கவும் இல்லை, பழகிய வழி. கடைசி மேஜையில் தனுஷ்கோடி யாரோ பார்ட்டியோடு போனில் பேசிக்கொண்டிருந்தான், முருகர் படத்துக்கு மேல் கடைப் பேர் வரக்கூடாது, பக்கத்தில் போடலாம் அண்ணாச்சி என்று. அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகில் பிரவுன் டேப் குறுக்காக ஒட்டியிருந்தது. ஒட்டியது இருளப்பன். அந்த அறையின் நாற்காலி. ஒரு நிமிஷம் எல்லாம் மறந்து பழைய சூடு தலைக்கு ஏறியது, இதுதான் சாக்கு, அப்படியே திரும்பிப் போய்விடலாம். ஹாலில் கீபோர்டுச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. ஜெபா பொரியை மெல்லாமல் வாயில் வைத்துக்கொண்டு பார்த்தாள். இருளப்பன் கனைத்தார். இன்னொரு தடவை கனைத்தார்.

“மாப்ளே. எல்லாரையும் நிறுத்தச் சொல்லு.”

தனுஷ்கோடி போனைக் காதிலிருந்து எடுத்தான், வைக்கவில்லை. அந்தப் பக்கம் அண்ணாச்சி பேசிக்கொண்டே இருந்தது கேட்டது. ஏழாவதும் போகப்போகுது, ஆளாளுக்குத் திறந்துக்கிட்டிருந்தா நூறு வராது, வந்து பாரு என்று இருளப்பன் சுவரைப் பார்த்துச் சொன்னார். அவன் ஒரு கேள்வி கேட்கவில்லை. எழுந்து நின்று, எல்லாரும் சேவ் பண்ணிட்டு மூடுங்க, சொல்றவரைக்கும் எவனும் மவுஸைத் தொடக்கூடாது என்றான். வேலையைப் பற்றி இருளப்பன் ஒன்று சொன்னால் சரியாக இருக்கும் என்பதுபோல, எட்டு வருஷம் பேசாமலே அதை நம்பிக்கொண்டிருந்தவன்போல எழுந்தான். அதுவும் இவருக்கு எரிச்சலாக இருந்தது.

அறைக்குள் வந்து இரண்டு பேரும் பெட்டிக்கு முன்னால் குந்தினார்கள். தனுஷ்கோடி ஏழாவதைப் பார்த்தான். பாதி சந்தனம், பாதி மஞ்சள் விளக்கு. அப்புறம் கீழே கிடந்த பொருக்கைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். சந்தனம் ஒட்டியிருந்த கட்டைவிரலை இருளப்பன் உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

“ரெண்டாவதுல விளக்கு எரியலன்னு சொன்னேன்ல.”

“சொன்னீங்க.”

“எரியத்தான் செஞ்சிருக்கு.”

ஏ.சி. ஒரு சொட்டு விட்டது. அவன் திட்டுவான் என்று இவர் காத்திருந்தார், திட்டினால் சுலபமாக இருக்கும், பதிலுக்கு நாற்காலியைப் பற்றிக் கேட்கலாம். அவன் ஏழாவதையே பார்த்துக்கொண்டு, எங்கக்கா வீட்டு வாசல மிதிச்சு எட்டு வருசம் ஆச்சு மச்சான், இதச் சொல்ல எட்டு வருசமா என்றான். குரல் உயரவில்லை. இன்னைக்குத்தாண்டா எனக்கே தெரியும் என்று இருளப்பன் சொல்லும்போது அவர் குரல்தான் உயர்ந்து, பாதியில் முறிந்தது. அதற்கு மேல் பேச நேரமில்லை, எழுபத்தைந்து, எழுபத்தாறு என்று நம்பரைப் பார்க்க வேண்டியிருந்தது. வேலை நின்றதும் அது கொஞ்சம் வேகமாகவே ஏறியது. எண்பத்தெட்டில் மஞ்சள் ஒரு தடவை அணைந்து, வரவில்லை, வரவில்லை, தனுஷ்கோடி இவர் கையைப் பிடித்துவிட்டான், பிறகு வந்தது. கையை எடுக்க இரண்டு பேருக்கும் மறந்துபோயிற்று, பிறகு ஒரே நேரத்தில் ஞாபகம் வந்து எடுத்துக்கொண்டார்கள். முதலாளி மகன் வந்து கதவுக்கு வெளியே நின்று என்ன என்று சைகையில் கேட்டான், தனுஷ்கோடி போ என்று சைகையில் சொன்னான். தூக்குவாளி திறக்கப்படாமல் இருந்தது. மூன்றே முக்காலுக்கு நூறு. மூன்றாவதின் பச்சை துடிப்பதை நிறுத்திவிட்டு, அசையாமல் நின்று எரிந்தது.

ஏழாவதை மாற்ற இன்னொரு புது டிஸ்க் இருந்தது, ஒன்று போதும் என்றவர்களிடம் சண்டைபோட்டு இருளப்பன் வாங்கி வைத்தது. நீங்களே உருவுங்க என்றான் தனுஷ்கோடி. இருளப்பன் இடது பக்கத்திலிருந்து விரலை வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு போனார். திரும்ப வந்து மறுபடி எண்ணினார். மூன்றாவது தடவை அவனும் வாய்க்குள் கூடவே எண்ணுவது கேட்டது. ஏழில் இரண்டு பேர் எண்ணிக்கையும் நின்றது. உருவினார், புதியதைச் செருகினார், டக். உருவியது கையில் சூடாக இருந்தது. இன்னொரு அட்டைப்பெட்டியை எடுத்து வைத்துவிட்டு, பழக்கத்தில் வேட்டி நுனியைப் பிடித்துக் கைப்பிடிக்குக் கொண்டுபோனார். அங்கேயே கை நின்றது. துடைக்கவில்லை. பாதி உரிந்த சந்தனத்தோடும் குங்குமத்தோடும் அதை அப்படியே பெட்டிக்குள் படுக்கவைத்து, மூடி, பிரவுன் டேப் ஒட்டினார். மேலே எழுத ஜெபாவைக் கூப்பிடட்டுமா என்று தனுஷ்கோடி கேட்டான். வேண்டாம் என்று பேனாவை வாங்கி, நாலாங்கிளாஸ் எழுத்தில், குண்டு குண்டாக, இவரே எழுதினார்: ஏழாவது. விளக்கு எரிந்தது. பொட்டு மறைத்துவிட்டது.

திரையில் நம்பர் மறுபடி பூஜ்யத்துக்கு வந்திருந்தது. இனிமேல் இதற்கு ஒரு நூறு. ஹாலிலிருந்து நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து தனுஷ்கோடி அவர் பக்கத்தில் விட்டான், எடுத்தது யார் என்று அவனும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. இருளப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார். அவன் இங்க் டின்னை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தூக்குவாளியைத் திறந்து மோந்து பார்த்து, எங்கக்கா புளிக்குழம்பா என்றான். மூடியில் சோற்றைப் பிரித்து அவன் பக்கம் தள்ளினார். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு அவன் நெளிந்தான்.

“என்ன மச்சான், டின்னு தொடையில வெட்டுது.”

“வெட்டும்” என்றார் இருளப்பன், நம்பரைப் பார்த்துக்கொண்டே.